கிளம்பிய கட்டம் எது?

கட்டம் போட்ட நோட்டில் 5க்கு 5 சதுரம் வரையுங்கள். இடமிருந்து வலம், கீழிருந்து மேல் என்று எண் போட்டுக்கொள்ளுங்கள், மேல்பக்கம் வடக்கு. (3,2)இல் ஒரு கிணறு, (4,4)இல் ஒரு வீடு, இரண்டையும் பென்சிலால் கறுப்பாக்கிவிடுங்கள். இப்போது ஒருவர் போன் செய்கிறார்: "எங்கே கிளம்பினேன்னு தெரியலை, ஆனா கிழக்கே 3, வடக்கே 2, மேற்கே 2 கட்டம் நடந்தேன், எதிலும் முட்டலை."

கூட்டிக் கழித்தால் கிழக்கே 1, வடக்கே 2. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள், நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். கிணறும் வீடும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் அந்தக் கணக்குக்கு 12 கட்டங்கள் பொருந்தும், ஆனால் உண்மையில் 6தான் தேறும், ஏனென்றால் மனிதர் நடுவில் கிழக்கே 3 கட்டம் போய்விட்டுத்தான் திரும்பியிருக்கிறார். இடமிருந்து மூன்றாவது நெடுவரிசையில் கிளம்பியிருந்தால் நோட்டை விட்டே வெளியே போயிருப்பார்.

சரி, கிணற்றையும் வீட்டையும் எப்படிச் சேர்ப்பது? காலியாக இருக்கும் 23 கட்டங்களிலும் ஆளுக்கு ஒருவரை நிறுத்தி, எல்லோரையும் ஒரே நேரத்தில் நடக்கவிடுங்கள், முட்டுகிறவர் அவுட். கிழக்கே 3 முடிந்ததும் 6 பேர்தான் மிச்சம். வடக்கே 2 போனால் 3 பேர். மேற்கே 2க்கு யாருமே விழவில்லை, அந்தத் தகவலால் ஒரு பைசா பிரயோஜனமில்லை. மிஞ்சியவர்கள் இப்போது நிற்பது (2,3), (3,3), (3,5). எல்லோரும் ஒரே அளவுதான் நகர்ந்தார்கள் என்பதால் கிழக்கே 1, வடக்கே 2ஐக் கழித்தால் போதும்: (1,1), (2,1), (2,3).

மூன்றில் எது? இன்னும் மேற்கே 2, வடக்கே 1 நடக்கச் சொல்லுங்கள். அப்போதும் முட்டவில்லை என்றால் (2,1) மட்டும்தான் நிற்கும். எல்லையே இல்லாத வெட்டவெளியில் இப்படி நாள் முழுக்க நடந்தாலும் ஒருவரைக்கூட நீக்க முடியாது.

விதியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். முட்டினால் அவுட் இல்லை, அங்கேயே நின்றுகொள்ளலாம் என்று வைத்தால், மேற்கே 4 சொன்னதும் கீழ்வரிசையில் இருக்கும் 5 பேரும் (1,1)இல் போய்க் குவிவார்கள். இப்போது எங்கே இருக்கிறார் என்பது தெளிவாகிக்கொண்டே போகும், எங்கிருந்து வந்தார் என்பது மொத்தமாக அழிந்துவிடும்.

1997இல் ஜெர்மனியின் பான் நகர அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டிய ரைனோ ரோபோவும் வரைபடத்தைக் கட்டங்களாக்கித்தான் தன் இடத்தைத் தேடியது. சக்கரம் வழுக்கும், சென்சார் பொய் சொல்லும், கூட்டம் குறுக்கே நிற்கும். அதனால் அது எந்தக் கட்டத்தையும் ஒரேயடியாக அவுட் ஆக்காமல், பொருந்தாத கட்டத்தின் வாய்ப்பைக் கொஞ்சம் குறைத்து, பொருந்துவதற்கு ஏற்றிக்கொண்டே போனது.