பரோல்: சொல்லும் பொருளும்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னை அடுத்த பிராங்ஸ்டன் பகுதியில் 1993-ஆம் ஆண்டு ஏழு வாரங்களுக்குள் மூன்று இளம்பெண்களைக் கொன்ற பால் டென்யருக்கு, விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றம் பரோலுக்கு வழியில்லாத மூன்று ஆயுள் தண்டனைகளை விதித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை அப்படியே நின்றது. ஆனால் 30 ஆண்டுகள் கழிந்தபின் அவர் பரோல் கோரலாம் என்று தீர்ப்பு மாறியது. பரோல் என்ற சொல்லைத் தமிழ்நாட்டு நாளிதழ்கள் ஆளும் பொருளை மனத்தில் கொண்டு இதைப் படிப்பவருக்கு இம்மாற்றத்தின் கனம் விளங்காது.

நம் செய்திகளில் பரோல் என்பது தாயின் இறப்புக்கோ மகளின் திருமணத்துக்கோ கைதி சில நாள்கள் வெளியே வந்து மீண்டும் சிறைக்குத் திரும்புவது. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இதை விடுப்பு என்றே குறிக்கின்றன. ஆகவே 'சிறை விடுப்பு' என்பது இதற்குப் பொருத்தமான தமிழ். ஆஸ்திரேலியாவில் பரோல் என்பதோ, தண்டனையின் எஞ்சிய காலத்தைக் கண்காணிப்புக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டுச் சிறைக்கு வெளியே கழிப்பதாகும். நிபந்தனையை மீறினாலன்றிக் கைதி சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை. 2023-இல் டென்யர் கேட்டது இதைத்தான். பரோல் வாரியம் மறுத்தது. அந்த முடிவு வரும்வரை கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் பட்ட பாட்டை 'விடுப்பு' என்ற சொல்லால் உணர்த்த இயலாது.

இச்சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே 'பரோல்' என்றால் பேச்சு, சொல்; அதன் வேர் இலத்தீன் வழியாகக் கிரேக்கத்துக்குச் செல்கிறது. தப்பியோட மாட்டேன் என்று போர்க்கைதி தன் மானத்தின் பேரில் தரும் உறுதிமொழியே பரோல் எனப்பட்டது. நம் 'வாக்கு' என்ற சொல்லும் பேச்சையும் உறுதிமொழியையும் ஒருங்கே குறிப்பது இங்கு எண்ணத்தக்கது. பின்னாளில் இம்முறை குற்றவாளிகளுக்கும் விரிந்ததில் ஆஸ்திரேலியாவுக்கே பங்குண்டு: 1840 முதல் 1844 வரை நார்போக் தீவின் கைதிக் குடியிருப்பை நடத்திய அலெக்சாண்டர் மக்கனோகி, உழைப்புக்கும் நடத்தைக்கும் மதிப்பெண் தந்து, அதைக் கொண்டு கைதி விடுதலையை ஈட்டும் முறையை வகுத்தார். அவரும் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரரிடம் போர்க்கைதியாக இருந்தவர்.

தமிழில் 'நன்னடத்தை விடுதலை' என்று சிலர் எழுதுகின்றனர். நன்னடத்தை அலுவலர் என்ற பதவி, குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமலே கண்காணிப்பில் விடும் வேறொரு சட்டமுறைக்கு உரியதாதலால் அது குழப்பம் தரும். 'வாக்குறுதி விடுதலை' வேர்ப்பொருளுக்கு அருகில் இருப்பினும், இன்றைய நடைமுறை கைதியின் வாக்கை நம்பி நடப்பதன்று. 'நிபந்தனை விடுதலை' என்பதே தகும் என்பது என் கருத்து.

இதனோடு சேர்ந்த இன்னொரு சொற்றொடரிலும் கவனம் வேண்டும். பெர்த் நகரின் கிளேர்மான்ட் கொலை வழக்கில் பிராட்லி எட்வர்ட்ஸுக்கு 2020 டிசம்பரில் விதிக்கப்பட்டதை '40 ஆண்டுச் சிறை' என்று எழுதுவது பிழை. விதிக்கப்பட்டது ஆயுள் தண்டனை. நிபந்தனை விடுதலை கோருவதற்குமுன் அவர் கழிக்க வேண்டிய குறைந்தபட்சச் சிறைக்காலமே 40 ஆண்டுகள்.