‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கும்போது

சில மாதங்களுக்கு முன் திருமணப் புகைப்படக்காரர் ஒருவர் 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து, “செத்துப்போச்சு சார்” என்று மேசையில் வைத்தார். டிஸ்க்கில் எந்தப் பழுதும் இல்லை. அவருடைய மகன் அதைத் லினக்ஸ் வகையான உபுண்டு இயங்கும் தன் கணினியில், கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கிவைக்க லினக்ஸ் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமைக்கு மாற்றி ஓராண்டுப் படங்களைச் சேர்த்து வைத்திருந்தார்; ஸ்டுடியோவின் விண்டோஸ் கணினியில் அதைச் செருகியதும் ‘பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்ற பெட்டி வர, தந்தை சம்மதம் கொடுத்துவிட்டார்.

எக்ஸ்ட்4 முறைமையை விண்டோஸ் தானாகப் படிக்காது. ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் அது ‘அழிக்கட்டுமா’ என்று கேட்கிறது. இதைவிட மோசமாக எழுதப்பட்ட அறிவிப்பை நான் கண்டதில்லை. அவர் அழுத்தியது குயிக் ஃபார்மட் என்பதால் புதிய அட்டவணை மட்டுமே எழுதப்பட்டிருந்தது. எக்ஸ்ட்4 தன் அமைப்பு விவரங்களைக் குறித்துவைக்கும் சூப்பர்பிளாக் என்ற பகுதியின் பிரதிகளை டிஸ்க்கின் பல இடங்களில் வைத்திருப்பதால், முதலில் டிஸ்க்கை அப்படியே வேறொன்றில் படியெடுத்து, அந்தப் படியில் வேலை செய்து பெரும்பாலான படங்களை மீட்க முடிந்தது. ஆனால் டிஸ்க் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் ஒரு வீடியோவை அதில் ஏற்றிப் பார்த்திருந்தார். அந்த வீடியோ விழுந்த இடத்தில் இருந்த படங்கள் போனவை போனவைதாம். முழு ஃபார்மட் கொடுத்திருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது, ஏனெனில் விஸ்டா முதல் விண்டோஸ் அப்போது டிஸ்க் முழுவதும் சுழியங்களை எழுதுகிறது. அந்தப் பெட்டி வந்தால் கேன்சல் கொடுத்துவிட்டு, லினக்ஸ் உள்ள கணினியில் செருகிப் பாருங்கள்.

இரண்டு இயங்குதளங்களையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு இடர் வேறு வழியில் வருகிறது. விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியில், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடப்படாமல் தன் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துத் தூங்குகிறது. ஆகவே விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸில் உள்ள அந்தப் பகிர்வை (டிஸ்க்கின் பகுதியை) லினக்ஸ் திறக்க மறுக்கும், அல்லது வாசிக்க மட்டும் விடும். இது பாதுகாப்புக்கான மறுப்பு என்பதை உணராமல், எங்கோ பார்த்த கட்டளையைக் கொண்டு வலுக்கட்டாயமாகத் திறந்து எழுதுபவர்கள் கோப்புகளைச் சிதைத்துக்கொள்கிறார்கள். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் அந்த வசதியை அணைத்துவிடலாம். ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு மாறினாலும் போதும், அப்போது விண்டோஸ் முழுமையாக மூடிக்கொள்கிறது.

இரு பக்கமும் போய்வரும் டிஸ்க்குக்கு நான் பரிந்துரைப்பது எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமை. ஃபேட்32 முறைமையில் 4 ஜிபியைத் தாண்டிய ஒரு கோப்பு ஏறாது. மேக் கணினி என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்குமேயன்றித் தானாக அதில் எழுதாது. எக்ஸ்ஃபேட்டின் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019இல் வெளியிட்ட பின் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே அதற்கான ஆதரவு வந்துவிட்டது. எனினும் எழுதப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் அதில் இல்லை. லினக்ஸில் நகலெடுப்பு முடிந்ததாகத் திரை காட்டிய பிறகும் தரவின் ஒரு பகுதி நினைவகத்தில் காத்திருக்கக்கூடும் என்பதால், இஜெக்ட் கொடுத்து, எடுக்கலாம் என்ற செய்தி வரும்வரை கேபிளைத் தொடாதீர்கள்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறியெண்கள்வரை (எழுத்துகளையும் அவற்றின் குறிகளையும் கணினி குறிக்கும் எண்கள்) இடம் தருகிறது. எக்ஸ்ட்4 தருவதோ 255 பைட்டுகள். லினக்ஸ் பெயர்களைப் பைட்டுகளாகச் சேமிக்கப் பயன்படுத்தும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டு. மேலும் ‘கோ’ என்ற ஓரெழுத்தே ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியெண்கள். ஆக, ஏறத்தாழ 50 எழுத்துகளிலேயே எல்லை முடிந்துவிடுகிறது. பழைய நூல்களை மின்னாக்கம் செய்யும் நண்பர் ஒருவர், நூலின் முழுத் தலைப்பையும் பெயராக இட்ட கோப்புகளை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றியபோது ‘பெயர் மிக நீளம்’ என்ற பிழை வர, ஸ்கிப் ஆல் அழுத்திவிட்டார். நீளமான தலைப்புகள் அத்தனையும் சத்தமின்றி விடுபட்டிருந்தன. பழைய டிஸ்க்கை அவர் இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தார். இப்போது கோப்புக்கு எண்ணும் குறும்பெயரும் மட்டும் இட்டு, முழுத் தலைப்பைத் தனியே ஒரு விரிதாளில் எழுதிவைத்துக்கொள்கிறார்.