பசையில்லை, பற்றாசில்லை: கம்பி கல்லைப் பிடிக்கும் விதம்

ஓடையில் பொறுக்கிய கூழாங்கல்லைத் துளையிடாமல், பசை தடவாமல், பற்றாசு வைத்து ஊதாமல் பதக்கமாக்கிவிடலாம். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடிய மின்கம்பி, மோட்டர் சுற்றும் மெல்லிய கம்பி முக்கால் மீட்டர், மூன்று குறடுகள் போதும். கல்லை உள்ளே நிறுத்துபவை இரண்டு. ஒன்று, கல்லின் வடிவம் எந்தப் பக்கமும் நழுவ இடமில்லாதபடி கம்பி ஓடும் பாதை. மற்றது செம்பின் குணம்: வளைக்க வளைக்க அது இறுகும். முதல் வளைப்பில் விரலுக்கே இணங்கிய கம்பி ஐந்தாறு முறை அதே இடத்தில் வளைந்தபின் ஏன் முரண்டு பிடித்து முறிகிறது என்பது புரிந்துவிட்டால், இந்தக் கைவேலையில் பாதி கைக்கு வந்த மாதிரி.

முதலில் கல். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அடியில் கிடப்பது புவியியலாளர் விஜயன் தொகுதி என்று அழைக்கும் பழம்பாறை. ஏறத்தாழ 100 கோடி ஆண்டு வயதுள்ள இந்த உருமாறிய பாறையில் கறுப்பும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் வரிவரியாக ஓடும். வெள்ளை அல்லது கண்ணாடி போன்ற பகுதி குவார்ட்ஸ். இளஞ்சிவப்பும் பால்நிறமும் பெரும்பாலும் பெல்ட்ஸ்பார். கறுப்பு வரிகள் ஹார்ன்பிளெண்டு, கறுப்பு மைக்கா என்னும் கனிமங்கள். கல்லடி, காத்தான்குடிக் கரைகளில் மணல்தான் அதிகம். கைக்கடக்கமான கல் வேண்டுமானால் பாறை கடலுக்குள் இறங்கும் பொத்துவில், பாணமைப் பக்கமும், உள்ளூரில் பாறை தலைகாட்டும் இடங்களின் ஓடைகளும் மேல்.

கல்லைச் சோதிக்கச் செலவில்லை. கண்ணாடித் துண்டில் அழுத்தி இழுத்தால் கீறல் விழவேண்டும். கடினத்தை 1 முதல் 10 வரை எண்ணும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி சுமார் 5.5, பெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. கத்தி முனையால் குவார்ட்ஸைக் கீறினால் கல்லில் பள்ளம் விழாது. கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாக ஒட்டும். சிவப்பாக உருண்டு கிடப்பது சிலவேளை அலை தேய்த்த செங்கல்தான். அது கத்தி முனைக்கே தூள் கொட்டும். ஒரு சொட்டு வினாகிரிக்கு நுரைத்தால் அது சுண்ணாம்புச் சேர்மம், அதாவது முருகைக்கல்லோ சிப்பியோ. முருகைக்கல்லைத் தொடாமல் விடுவது நல்லது. மோஸ் அளவில் நான்கைத் தாண்டாத மென்மையானது என்பது ஒரு காரணம், பாசிக்குடா போன்ற இடங்களின் கரையைக் காப்பதே அந்தப் படுகைதான் என்பது பெரிய காரணம். குமண, கல்லோயா போன்ற தேசியப் பூங்காக்களிலிருந்தும் தொல்லியல் இடங்களிலிருந்தும் எதையும் எடுக்கக்கூடாது. குழி தோண்டி இரத்தினம் தேடுவது வேறு விடயம். அதற்குத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோர் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தண்ணீரில் கிடந்தபோது மின்னிய கல், வீட்டுக்கு வந்து காய்ந்ததும் சாம்பல் பூத்துவிடும். கல் மாறவில்லை. உருண்டு தேய்ந்த கல்லின் மேற்பரப்பு நுண்மையாகக் கரடுமுரடானது. அதில் படும் ஒளி எல்லாத் திசையிலும் சிதறி, நிறத்தின் மேல் வெள்ளைத் திரை போட்டதுபோல் ஆக்கிவிடுகிறது. ஒளி எவ்வளவு சிதறும் என்பது இரண்டு ஊடகங்களின் முறிவுச்சுட்டி, அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு, எவ்வளவு வேறுபடுகிறது என்பதைப் பொறுத்தது. குவார்ட்ஸுக்கு 1.54, காற்றுக்கு 1.00, தண்ணீருக்கு 1.33. தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்பியதும் வித்தியாசம் குறைகிறது, திரை விலகுகிறது. எனவே கல்லைத் தெரிவு செய்யும்போது காயவிட்டுப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். தேங்காயெண்ணெய் தடவினாலும் நனைந்த தோற்றம் வரும், ஆனால் தூசு பிடிக்கும், சட்டையில் ஒட்டும். நகப்பூச்சு சில வாரத்தில் உரியும். நிலைத்த வழி மெருகேற்றுவதுதான்: தண்ணீரில் தேய்க்கும் சிலிக்கன் காபைட் தாளில் 220, 400, 800, 1200, 2000 என்ற இலக்கங்களில், கரடிலிருந்து நுண்மைக்குப் படிப்படியாக. அந்தத் தாளின் துகள் 9க்கு மேற்பட்ட கடினம் உடையது; அதனால் குவார்ட்ஸை வெட்டும். ஒரு படியின் கீறல் முழுவதும் போகுமுன் அடுத்த தாளுக்குத் தாவினால் கடைசியில் அந்தக் கீறல்தான் பளிச்சென்று தெரியும். எப்போதும் ஈரத்திலேயே தேய்க்கவேண்டும். குவார்ட்ஸின் உலர்தூசு நுரையீரலில் தங்கித் தழும்பாகி மூச்சையே அடைக்கும் நோயைத் தரும். தச்சர் போடும் துணி முகமூடி அதற்குப் போதாது.

கடற்கரைக் கல்லென்றால் இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். வெடிப்புக்குள் உப்பு தங்கினால் அது பின்னர் செம்பைத் தின்னும்.

கம்பிக்கு நகைக்கடை தேவையில்லை. வீட்டு மின்னிணைப்புக்குப் போடும் 7/0.67 கேபிளின் பெயரிலேயே விவரம் இருக்கிறது: 0.67 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஏழு இழை. 24 சென்ரிமீட்டர் துண்டொன்றை உரித்தால் ஏழு கம்பி கிடைக்கும். ஒரு பதக்கத்துக்கு மூன்று, அடுத்ததற்கு மூன்று, ஒன்று கைப்பழக்கத்துக்கு. இது ஏற்கெனவே பதமாக்கிய, அதாவது சூடாக்கி மென்மையாக்கிய செம்பு. உறையைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரியுங்கள். எரித்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள்; பி.வி.சி. எரியும்போது வருவது ஐதரசன் குளோரைட்டு, கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் வாயு. கட்டும் மெல்லிய கம்பிக்கு மோட்டர் சுற்றும் கடையில் 28ஆம் இலக்கம் கேளுங்கள். இங்கேயும் ஒரு பொறி. நமது கடைகளில் பெரும்பாலும் புழங்கும் பிரித்தானிய அளவில் 28 என்றால் 0.376 மில்லிமீட்டர். இணையத்தில் பாடம் நடத்துவோர் பலரும் சொல்வது அமெரிக்க அளவு. அதில் 28 என்பது 0.321. அமெரிக்க 20 நமது 21க்குச் சமம். இலக்கத்தை நம்பாமல் மில்லிமீட்டரைக் கேட்டு வாங்கினால் தொல்லையில்லை.

தடிப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? கம்பியை நிலையாக வளைக்கத் தேவையான திருப்பும் வலு விட்டத்தின் மூன்றாம் அடுக்கோடு கூடுகிறது. தனியிழைக் கேபிளான 1/1.13இன் கம்பியை எடுத்தால், 0.67ஐ விட அது ஒன்றரை மடங்கு சொச்சம்தான் தடிப்பு; வளைக்கவோ ஏறத்தாழ ஐந்து மடங்கு பலம் வேண்டும். சிறு கல்லில் அந்தப் பலத்தைக் குறட்டால் கொடுக்கப் போனால் கல்லின் விளிம்பு தெறிக்கும்.

இனி அந்த இறுகும் கதை. செம்பின் அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்கில் இருந்தாலும் அந்த ஒழுங்கில் கோடு கோடாகப் பிசகுகள் உண்டு. கம்பி வளைவது அணு அடுக்கு முழுதும் ஒரேயடியாக நகர்வதால் அல்ல, இந்தப் பிசகுகள் ஊர்வதால். ஒவ்வொரு வளைப்பிலும் புதிய பிசகுகள் பிறக்கின்றன. எண்ணிக்கை கூடக் கூட ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கின்றன. 2013இல் புதுப்பாலம் திறக்கும்வரை பழைய கல்லடிப் பாலத்தின் ஒற்றை வழியில் இரு பக்கத்து வாகனமும் ஏறிவிட்டால் என்ன நடக்கும்? அதேதான். ஊர இடமில்லாவிட்டால் வளைய முடியாது. மேலும் வற்புறுத்தினால் வெடிக்கும். பதமான செம்பு சுமார் 70 மெகாபஸ்கால் தகைப்பிலேயே (பரப்பளவுக்கு விழும் விசையிலேயே) நிலையாக வளைந்து கொடுக்கும். நன்றாக இழுத்து இறுகிய செம்புக்கு 300க்கு மேல் வேண்டும். தட்டார் கம்பியச்சில் கம்பியை இழுக்கும்போது இடையிடையே தீயில் காட்டுவது இதற்காகத்தான். மங்கிய சிவப்பு ஏறும்வரை சூடாக்கினால் செம்பின் நுண்படிகங்களான பழைய மணிகள் கலைந்து, பிசகு குறைந்த புது மணிகள் உருவாகும், நெரிசல் தீர்ந்துவிடும். நிழலான அறையில் செய்தால்தான் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியும். சூட்டோடு தண்ணீரில் போடலாம். உருக்கு இரும்பைப்போல் செம்பு அதனால் இறுகாது.

ஆனால் கல் உள்ளே போனபின் தீ காட்டமுடியாது. குவார்ட்ஸ் 573 பாகை செல்சியஸில் தன் படிக அமைப்பைத் திடீரென மாற்றி விரியும், வெடித்துச் சிதறும். எனவே பதமான செம்பில் உள்ள மென்மை ஒரு முதல்தொகை போல. சோதனை வளைப்புகளில் அதைச் செலவழித்துவிட்டால், இறுக்கவேண்டிய கடைசி வளைப்புக்கு மிச்சம் இராது.

30 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 8 தடிப்புள்ள நீள்வட்டக் கல்லை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 7 கிராம். விளிம்பைச் சுற்றிக் கடதாசிப் பட்டி ஓட்டி அளந்தால் 80 மில்லிமீட்டர் வரும். மேலே மிச்சம் விட இருபுறமும் 8 சென்ரிமீட்டர். ஆக ஒவ்வொரு சட்டகக் கம்பியும் 24 சென்ரிமீட்டர். முறுக்கை நீக்க ஒரு முனையைக் குறட்டில் பிடித்துத் துணியால் ஒரே ஒரு தடவை உருவுங்கள். திரும்பத் திரும்ப உருவினால் அதுவும் இறுக்கம்தான்.

மூன்று கம்பியையும் தட்டையாக அருகருகே வைத்து முனைகளில் டேப் ஒட்டுங்கள். நடுவில் மெல்லிய கம்பியால் 13 சுற்று. 5 மில்லிமீட்டர் கட்டு வரும். ஒரு சுற்றுக்கு 6 மில்லிமீட்டர் கம்பி பிடிக்கும், பிடிமானத்துக்கு இருமுனையிலும் 2 சென்ரிமீட்டர் வேண்டும். ஒரு கட்டுக்கு 12 சென்ரிமீட்டர் என்று வெட்டலாம். நடுக்கட்டிலிருந்து இருபுறமும் 16, 32 மில்லிமீட்டரில் இன்னும் நான்கு. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கவேண்டும். இடைவெளி இருந்தால் பின்னால் கட்டு நகரும். முனைகளைக் கல்லைத் தொடும் உட்பக்கத்தில் வெட்டி, தட்டைமூக்குக் குறட்டால் அமுக்குங்கள்.

நடுக்கட்டைக் கல்லின் அடியில் வைத்து விரலாலேயே விளிம்போடு வளைத்து மேலே கொண்டுவாருங்கள். இரு பக்கமும் சந்திக்கும் இடத்தில் ஆறு முனையையும் ஒரே தடவையில் மேல்நோக்கி மடித்து, மடிப்புக்குச் சற்று மேலே, பதக்கத்தின் கழுத்தில், எட்டுச் சுற்றுக் கட்டு. இந்த மடிப்புத்தான் அதிகம் முறியும் இடம். கோணம் தவறினால் நிமிர்த்தி மறுபடி மடிக்காதீர்கள். கல்லைக் கழற்றிச் சட்டகத்தைத் தீயில் காட்டிவிட்டு மறுபடி தொடங்குவது குறைந்த நட்டம். கட்டுக்கம்பியின் வார்னிஷ் கருகினால் அதை மட்டும் புதிதாகச் சுற்றுங்கள்.

இப்போது கம்பி கல்லின் இடுப்பில் பெல்ட் போலச் சுற்றியிருக்கிறது, அவ்வளவுதான். முன்னாலோ பின்னாலோ தள்ளினால் கல் விழும். கட்டுகளுக்கிடையே உள்ள நான்கு இடைவெளியிலும் முன்கம்பியைக் கல்லின் முகத்துக்கும் பின்கம்பியை முதுகுக்கும் 2, 3 மில்லிமீட்டர் இழுத்துவிடவேண்டும். ஈர்க்குக் குச்சி போதும். குறடு கல்லில் கீறும். இழுத்ததும் கம்பி தொளதொளக்கும். பயப்பட வேண்டாம், வடிவியல்தான் காரணம்: விளிம்பு வளைவோடு ஓடிய கம்பி இப்போது நாண்வழி குறுக்கே போகிறது, வளைவை விட நாண் குறுகியது. மிஞ்சிய நீளத்தை வட்டமூக்குக் குறட்டின் நுனியால் ஒரு சிறு நெளிவாக முறுக்கி எடுத்தால் கம்பி கல்லில் இறுகும். அலங்காரம் போலத் தெரியும் அந்த நெளிவுதான் உண்மையில் பதக்கத்தின் திருகாணி. அந்த இடம் அதே நொடியில் இறுகிப்போவதால் திரும்பத் தளராது.

மேலே நிற்கும் ஆறு முனைகளில் நடு இரண்டைப் பென்சிலில் சுற்றி வளையமாக்கி, நுனிகளைக் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றி வெட்டுங்கள். மூன்று ஏன் போதும்? தோணியை முளையில் கட்டுகிறவர் முடிச்சுப் போடுமுன் கயிற்றை இரண்டு மூன்று தரம் சுற்றிவிட்டால் ஒரு கையாலேயே பிடித்து நிற்பார். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்தால் ஒரு சுற்று பிடியை 6 மடங்குக்கு மேல் பெருக்கும். மூன்று சுற்றில் அது கிட்டத்தட்ட 285 மடங்கு. கம்பி கயிறல்ல, இறுகிய வளைவும் சேர்ந்து பிடிக்கிறது. ஆனாலும் ஒரு சுற்றோடு நிறுத்திய வளையங்கள்தான் அவிழ்ந்து வருகின்றன. மிச்ச நான்கு முனையைக் கழுத்தோடு முடிக்கலாம், முகத்தில் சுருளாக விடலாம். சுருள் அதிகமானால் கல் மறைந்துபோகும்; தொடங்குவோர் செய்யும் பிழை குறைவல்ல, கூடுதல்தான்.

முட்டை போல் உருண்ட கல் இந்தச் சட்டகத்துக்குள் உருளும். அதற்குச் சட்டகத்தை இரண்டாக்கிக் குறுக்கே பின்னவேண்டும், முதல் கல்லுக்கு வேண்டாம். மைக்கா அதிகமுள்ள கல் அடுக்கடுக்காக உதிர்ந்து தானே மெலியும். இன்று இறுக்கிய கம்பி அடுத்த மாதம் ஆடும். குறட்டின் பல் பதிந்த கம்பி அந்தத் தழும்பிலேயே முறியும். வாயில் டேப் சுற்றிய குறடு இதற்கு மருந்து.

அணிகிறவரின் கழுத்து பச்சையாகிறது என்ற முறைப்பாடு பிறகு வரும். வேர்வையின் உப்பும் அமிலமும் செம்போடு சேர்ந்து பச்சைச் சேர்மங்களாகின்றன. கடற்காற்று வீசும் ஊரில் இன்னும் விரைவாக. இதைத்தான் களிம்பு என்கிறோம். சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை சொல்வார்கள். கூடவே பிறந்தது என்பது அந்த உவமையின் உயிர். வேதியியல் இந்த இடத்தில் மட்டும் ஒத்துவராது: துலக்கிய செம்பில் களிம்பு இல்லை, காற்றும் ஈரமும் உப்பும் கொண்டுவந்து சேர்ப்பது அது. போக்கும் வழி அடுப்படியிலேயே உண்டு. பழப்புளியோ தேசிக்காயும் உப்புமோ தேய்த்தால் அமிலம் அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். அதன்பின் அப்பச்சோடா கலந்த தண்ணீரில் அலசாவிட்டால் மிஞ்சும் அமிலம் மறுபடி வேலையைத் தொடங்கும். மோட்டர் கம்பியில் வார்னிஷ் இருப்பதால் அது மங்காது. புளி போட்டுத் தேய்க்கும்போது அதை விட்டுவிடுங்கள். வெறும் செம்புப் பகுதிக்குத் தேன்மெழுகை மெல்லியதாகத் தேய்த்துத் துணியால் மெருகேற்றினால் சில வாரம் தாங்கும். பதக்கத்தின் பின்பக்கம் தோலைத் தொடும் இடத்தில் மெழுகு முதலில் போகும். அங்கே மட்டும் மறுபடி தடவினால் போதும்.