பிளம் புடிங்: பிளம்மும் இல்லை, களியும் அல்ல

டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடைகளில் 'பிளம் புடிங்', 'கிறிஸ்மஸ் புடிங்' என்று இரண்டு பெயரில் ஒரே பண்டம் விற்கிறது: உலர்பழம் சேர்த்து ஆவியில் வேகவைத்த இனிப்பு. அதைத் தமிழில் எழுத உட்காரும்போதுதான் தடுமாற்றம். 'ஆல்பகோடாக் களி' (ஆல்பகோடா என்பது உலர்ந்த பிளம்) என்று எழுதினால் முன்பாதியும் தவறு, பின்பாதியும் தவறு.

முதலில் 'பிளம்'. இந்தப் பண்டத்தில் கிஸ்மிஸ், சுல்தானா, கரன்ட் என மூன்று வகை உலர்திராட்சை சேரும்; பிளம் பழம் சேராது. இங்கிலாந்தில் முற்காலத்தில் ஆல்பகோடா போட்ட இடத்தை உலர்திராட்சை பிடித்துக்கொண்டது, பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பணியாரத்தில் போடும் உலர்திராட்சைக்கே பிளம் என்று பெயர். சென்னை பேக்கரிகளின் 'பிளம் கேக்'கும் இதே வகைதான்.

'புடிங்' இனிப்பாகப் பிறந்த சொல்லே அல்ல. 1300 வாக்கில் ஆங்கிலத்தில் அது, விலங்கின் குடலில் இறைச்சியும் இரத்தமும் மாவும் அடைத்து வேகவைத்ததைக் குறித்தது. லத்தீன் 'பொத்தெல்லுஸ்', அதிலிருந்து பிரெஞ்சு 'பூதேன்', அதிலிருந்து புடிங் என்பது பலர் காட்டும் வழி. வீங்குதல் என்னும் பொருளுள்ள ஜெர்மானிய வேரைக் காட்டுவாரும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் தமிழருக்கு இந்தப் பழைய பொருள் புதிதாக இராது. அங்கே பூதேன் இன்றும் இரத்தம் சேர்த்த குடலடைப்புதான். 17ஆம் நூற்றாண்டில் குடலுக்குப் பதில் மாவு தடவிய துணி வந்தது, பிறகு கிண்ணம் வந்தது.

புட்டுதான் கடல் கடந்து புடிங் ஆயிற்று என்று ஒரு பெருமைக் கதை உலவுகிறது. ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்டத் தொடங்கியது 1640 வாக்கில்; சொல்லோ அதற்கு 300 ஆண்டு மூத்தது. கதையை விட்டுவிடலாம்.

இனி தமிழ்ச் சொல். 'களி' என்று எழுதுவது வழக்கம். ஆனால் களி அடுப்பில் வைத்து, துடுப்பால் கிண்டக் கிண்ட இறுகுவது: உளுந்தங்களி, திருவாதிரைக் களி. ஜவ்வரிசி புடிங்குக்கு அந்தச் சொல் பொருந்தும். கிறிஸ்மஸ் புடிங்கை நெருப்பில் கிண்டுவதே இல்லை. கலவையைக் கிண்ணத்தில் அடைத்து ஆவியில் விட்டுவிடுகிறோம். செய்முறையில் இதற்கு நெருங்கிய உறவு கொழுக்கட்டை. ஆனால் கொழுக்கட்டை என்றால் அரிசி மாவும் உள்ளங்கை அளவும் நினைவுக்கு வரும். ஆகவே 'பழ ஆவியப்பம்' என்பதே என் தேர்வு. தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் சாப்பாட்டுக்குப் பின் வரும் எந்த இனிப்பும் புடிங்தான் என்பதால், அடுமனை அடுப்பில் (ஓவன்) சுட்டுப் பாலேட்டுப் பாகு ஊற்றும் மால்வா புடிங்கை இந்தப் பெயருக்குள் இழுக்க வேண்டாம். அது மால்வாவாகவே இருக்கட்டும்.

ஆவிதான் இதன் உயிர் என்பது செய்துபார்த்தால் விளங்கும். 1.2 லிட்டர் கிண்ணத்துக்கு உலர்பழம் 450 கிராம், கரும்பழுப்புச் சர்க்கரை 200, ரொட்டித்தூள் 110, மைதா 60, கொழுப்பு 110, முட்டை 2, துருவிய ஆப்பிள் 1, பிராந்தி 60 மில்லி, கலவை மசாலாத்தூள் (பட்டை, ஜாதிக்காய், கிராம்பு போன்றவை கலந்தது) ஒரு தேக்கரண்டி. பிராந்தி வேண்டாதவர்கள் ஆரஞ்சுச் சாறு விடலாம். பழத்தை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். ஊறாத பழம் மாவின் ஈரத்தை உறிஞ்சிவிடும், வெட்டும்போது உதிரும்.

கொழுப்பு என்று ஆங்கிலேயர் போடுவது சூயட், மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு. மாட்டிறைச்சி புழங்காத வீடுகளில் வெண்ணெய்தான். வெண்ணெய் சீக்கிரம் உருகி மாவில் கலந்துவிடுவதால் பண்டம் கனத்துப்போகும். சூயட் உருகத் தாமதமாகும், அதற்குள் மாவு இறுகத் தொடங்கி, கொழுப்பு இருந்த இடம் நுண்துளையாக நின்று மென்மை தரும். வெண்ணெயை உறையவைத்துத் துருவிக் கடைசியில் சேர்த்தால் ஓரளவு ஈடுகட்டலாம்.

மேலே இரண்டு விரல் இடம் விட்டு, எண்ணெய்த்தாளையும் அலுமினியத்தாளையும் நடுவில் ஒரு மடிப்பு வைத்து மூடி, கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். மடிப்பு இல்லாவிட்டால் பொங்கும்போது தாள் கிழிந்து நீர் இறங்கும், அடி சேறாகிவிடும். இட்டலிப் பானை போதும். 8 மணி நேரம் அவிய வேண்டும். அரைமணிக்கொரு முறை நீர்மட்டம் பார்த்து, கொதிநீரையே ஊற்றுங்கள். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கி நடுப்பகுதி வேகாமல் போகும். குளிர்நாட்டில் இதை வாரக்கணக்கில் அலமாரியில் வைப்பார்கள். டர்பனின் டிசம்பர் கோடைப் புழுக்கத்தில் பூசணம் பிடிக்கும், குளிர்பெட்டிதான் இடம். பரிமாறும் நாளில் மறுபடி 2 மணி நேரம் ஆவி.

கிறிஸ்மஸ் புடிங்குக்குள் ஒரு காசை ஒளித்துவைப்பது வழக்கம். அந்தக் காசுக்குத் தென்னாப்பிரிக்காவில் 'டிக்கி' என்று பெயர்: பழைய மூன்று பென்ஸ் வெள்ளிக்காசு. தமிழ்நாட்டு உறவினர் கேட்டால் காரின் பின்பெட்டியைத் தேடுவார். 1961இல் ரேண்ட் என்ற புது நாணயம் வந்து பென்ஸ் கணக்கு போனாலும் பல வீடுகளில் ஒரு டிக்கி பத்திரமாக இருக்கும். செம்பும் வெண்கலமும் பூசிய இன்றைய சில்லறையை மாவுக்குள் போடாதீர்கள். பழத்தின் புளிப்பு பட்டுக் கறுக்கும். டிக்கி கிடைத்தால் கொதிநீரில் போட்டெடுத்து, வெட்டிய துண்டுக்கு அடியில் செருகுங்கள். சிறு பிள்ளைகளின் தட்டுக்கு அது போகக் கூடாது.