கீமோ முடிந்தும் கால் மதமதப்பு ஏன் கூடுகிறது?

கடைசி கீமோவை முடித்து மதுரையிலிருந்து கடலோர ஊருக்குத் திரும்பிய இரண்டு மூன்று மாதத்தில் பாதத்து மதமதப்பும் எரிச்சலும் கூடினால், நோய் திரும்பிவிட்டதோ என்று வீடே கலங்கிப்போகும். பெரும்பாலும் அப்படியல்ல. சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் ஆகிய கீமோ மருந்துகள் முதுகெலும்பை ஒட்டியிருக்கும் உணர்வு நரம்பணுக்களில் தங்கி அவற்றைச் சிதைக்கின்றன. மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் அந்தச் சிதைவு நிற்பதில்லை.

பக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து நரம்பைக் கெடுக்கும் விதம் வேறு. கீழ்முதுகிலிருந்து கால்விரல் வரை போகும் நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். விரல் நுனிக்கு வேண்டிய புரதங்கள், பாம்பன் பாலத்துத் தண்டவாளத்தில் சரக்கு போவதுபோல, இழைக்குள் இருக்கும் நுண்குழல்கள் வழியாகப் போய்ச்சேர வேண்டும். புற்றணு பிரிந்து பெருகாமலிருக்க பக்லிடாக்சல் இந்த நுண்குழல்களை இறுக்கி உறையவைக்கிறது. நரம்பிலும் அதே வேலையைச் செய்துவிடுகிறது. வரத்து தடைபட்டால் கடைக்கோடிதான் முதலில் வாடும். அதனால்தான் இரண்டு பாதமும் ஒன்றாகத் தொடங்கி, பிறகு கைவிரலுக்கு வருகிறது. நரம்பிழை திரும்ப வளர்வது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். எனவே தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஓரளவு தங்கியும்விடும்.

மூட்டு வலியை இதோடு குழப்பக்கூடாது. மருந்து வேறு என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நரம்பு வலி எரியும், ஷாக் அடிக்கும், இரவில் கூடும். காலையில் எழுந்ததும் விரலும் முழங்காலும் விறைத்து, நடமாடினால் இளகுகிறதென்றால், மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் காரணமாக இருக்கலாம். அவற்றைத் தானாக நிறுத்த வேண்டாம். மருத்துவர் மாற்று மாத்திரை தருவார். வாரம் 150 நிமிட நடையும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் இந்த விறைப்பைக் குறைப்பது ஆய்வில் தெரிந்த உண்மை.

டைக்லோஃபெனாக் என்ற வலி மாத்திரை நரம்பு வலிக்கு உதவாது. சிஸ்பிளாட்டின் பட்ட சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை. நரம்பு வலிக்கு ஓரளவு சான்றுள்ள மருந்து டுலோக்செடின்: வழக்கமாக ஒரு வாரம் 30 மில்லிகிராம், பிறகு 60. மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள் முதலிலேயே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். டுலோக்செடினைத் திடீரென நிறுத்தவும் கூடாது. 'நரம்புச் சத்து' என்று பி6 மாத்திரையை அளவின்றி விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். சர்க்கரையையும் பி12 அளவையும் பார்த்துவிடுவது நல்லது, குறிப்பாக சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு.

ஆக்ஸாலிபிளாட்டின் ஏறும் காலத்தில் மீன் ஐஸ் பெட்டியில் கைவிட்டால் ஊசி குத்துவதுபோல் சுரீரென்று வலிக்கும். பருத்திக் கையுறை மாட்டி, மேலே ரப்பர் உறை போட வேண்டும். உணர்வு குறைந்த பாதம் சுடுமணலைச் சொல்லாது, கடல் பாறைக்கல்லையும் சிப்பி ஓட்டையும் சொல்லாது. பின்வார் வைத்த செருப்பு இல்லாமல் கரையில் இறங்காதீர்கள். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். முகம் கழுவக் கண்ணை மூடும்போது தடுமாறும், சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி உண்டு. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடலில் சின்னக் கீறல் வழியே புகுந்தால் சில மணி நேரத்தில் கால் வீங்கிச் சிவந்துவிடும். கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் காயம் ஆறும்வரை தண்ணீரில் இறங்கக்கூடாது.

ஒரு காலோ இரண்டுமோ திடீரெனப் பலமிழந்தாலும், முதுகுவலியோடு சிறுநீர் கட்டினாலும் அது கீமோ மதமதப்பு அல்ல, தண்டுவடம் நசுங்கியிருக்கலாம். விடியும்வரை காத்திராமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.