விவிசெக்‌ஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

கனடாவின் வான்கூவரில் பிறந்த எலக்ட்ரோ இண்டஸ்ட்ரியல் இசைக்குழு ஸ்கின்னி பப்பி. எலும்பும் தோலுமான நாய்க்குட்டி என்று பொருள். 1988இல் வந்த அவர்களுடைய 'விவிசெக்ட் 6' ஆல்பத்தின் பெயரில் ஒரு பழைய ஆய்வுக்கூடச் சொல் ஒளிந்திருக்கிறது: விவிசெக்‌ஷன். உயிருள்ள விலங்கை அறுத்து ஆராய்வது.

லத்தீனில் 'விவுஸ்' என்றால் உயிருள்ள. 'செகாரே' என்றால் வெட்டு. பூச்சியைக் குறிக்கும் 'இன்செக்ட்' கூட இந்த வெட்டிலிருந்து வந்ததுதான். உடலில் வெட்டுத் தடம் விழுந்தாற்போல் இருப்பதால் அந்தப் பெயர்.

குழுவினரின் குறும்பு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. ரோமன் எண்ணில் 6ஐக் குறிக்கும் VI என்ற எழுத்துகள் அந்தப் பெயரில் மூன்று முறை வரும்படி எழுதினார்கள், நடுவே 'செக்ட்': VIVIsectVI. ஆக 666, பைபிள் சொல்லும் 'மிருகத்தின் இலக்கம்'. அது மனிதனுடைய இலக்கம் என்றும் அதே வசனம் சொல்கிறது. விலங்குச் சோதனையைச் சாடும் ஆல்பத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? இன்னொன்று: மதப்பிரிவு என்ற பொருளில் வரும் 'செக்ட்' வெட்டிலிருந்து வந்ததல்ல, 'பின்தொடர்' என்ற வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது.

அந்த ஆண்டுக் கச்சேரிகளில் பாடகர் ஓக்ர் ஒரு பொம்மை நாயை மேடையில் அறுத்துக் காட்டினார். அமெரிக்காவின் சின்சினாட்டியில் யாரோ அதை நிஜ நாய் என்று நம்பிப் புகார் செய்ய, போலீஸ் வந்து குழுவினரைக் கைது செய்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'உடற்கூறாய்வு' ஏற்கெனவே பிணத்துக்குப் போய்விட்டது. 'உயிரறுப்பு' சுருக்கமாக இருக்கிறது, ஆனால் உயிரையே அறுத்துக் கொல்வது போலத் தொனிக்கிறது. இங்கே கொடுமையே, அறுக்கும்போது உயிர் இருப்பதுதான். 'உடன்' இல்லாமல் பொருள் நிற்காது. வெறும் 'அறுவை' என்றாலோ சிகிச்சை நினைவுக்கு வரும். அது அறுபடுபவரின் நன்மைக்கு, இது அறுப்பவரின் தேவைக்கு. ஆகவே 'ஆய்வு'ம் வேண்டும். 'உயிருடன் அறுத்தாய்வு' என்பதே என் தேர்வு. கொஞ்சம் நீளம்தான்.

ஆல்பத்தின் சிலேடையைத் தமிழாக்க முடியாது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: நம் 'அறு' வெட்டுவதற்கும் வரும், அறுசுவை, அறுமுகன் என்று ஆறுக்கும் வரும். அந்த இலக்கத்தையே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அறுநூற்று அறுபத்தாறு.