பாவித்த பைனாகுலர் வாங்க முதல், வாரன்டி யாருக்கென்று கேளுங்கள்

மாரி தொடங்க, வலசைப் பறவைகளும் வந்துவிடும். வடக்கில் தொண்டைமானாறு, மண்டைதீவு, சுண்டிக்குளம் என்று பறவை பார்க்கப் போகிறவர்கள் பாவித்த பைனாகுலர் தேடும் காலமும் அதுதான். சிலருக்குக் கனடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், சிலர் ஃபேஸ்புக்கில் பார்த்து வாங்குகிறார்கள். பிறகு திருத்துவதற்கு என்னிடம் கொண்டுவருபவர்கள் அநேகமாகச் சொல்வது இதுதான்: "அண்ணா, இதுக்கு வாழ்நாள் வாரன்டி இருக்காம்."

இருக்கலாம். ஆனால் யாருக்கு? பல நிறுவனங்களின் வாரன்டி, அங்கீகரிக்கப்பட்ட கடையில் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். அவருடைய பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் பேச்சே இல்லை. பைனாகுலர் செய்யும் வோர்டெக்ஸ் நிறுவனம் அப்படியில்லை. பற்றுச்சீட்டுக் கேட்காது, எத்தனை கை மாறினாலும் வாரன்டி பொருளோடு சேர்ந்தே போகும். லியூபோல்ட் நிறுவனமும் கோல்ட் ரிங் என்ற பெயரில் விற்கும் தன் வகைகளுக்கு முதல் உரிமையாளர்தான் வரவேண்டும் என்று சொல்வதில்லை. இலக்குச் சுடும் விளையாட்டுக்காரர்கள் இவர்களுடைய ரைபிள் ஸ்கோப்புகளை, அதாவது துப்பாக்கியில் பொருத்தும் தொலைநோக்கிகளை, பயமில்லாமல் இரண்டாம் கையாக வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இப்படியான வாரன்டியிலும் விலக்குகள் உண்டு. தொலைந்தால், களவு போனால், வேண்டுமென்றே உடைத்தால் வோர்டெக்ஸ் பொறுப்பேற்காது. பார்வையைப் பாதிக்காத வெளிக்கீறல்களும் அதில் சேராது.

சரி, வாரன்டி செல்லும் என்றே வைப்போம். பொருள் சேவை நிலையத்துக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். கூரியர் செலவு, திரும்பி வரும்போது சுங்கம், மாதக்கணக்கான காத்திருப்பு. மலிவான பைனாகுலருக்கு இது கட்டாது.

எங்கள் ஊரில் கூடுதலாகப் பார்க்கவேண்டியது பூஞ்சணம். கடற்காற்றும் மாரி ஈரமும் சேர்ந்தால், அலுமாரிக்குள் மூடி வைத்த கண்ணாடியிலும் அது பிடிக்கும். ஈரத்தில் வைத்ததால் வந்த பூஞ்சணத்தைப் பல வாரன்டிகள் ஏற்பதில்லை. வாங்கும்போது, பெரிய கண்ணாடிப் பக்கமாகப் போனின் ரோர்ச்சைச் சரித்துப் பிடித்து உள்ளே பாருங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சணம்தான். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், துடைத்தாலும் தழும்பு போகாது.

அப்புறம் திருகாணித் தலைகளைப் பாருங்கள். ஓரம் தேய்ந்து பளபளத்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். நீர் புகாத பைனாகுலர்களின் உள்ளே நைதரசன் போன்ற ஈரமில்லாத வாயுவை நிரப்பி அடைத்திருப்பார்கள். திறந்தால் அது போய்விடும், ஈரம் புகும். வெளியாள் திறந்ததற்கு வாரன்டியை மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. தூரத்துப் பனையொன்றின் வட்டைப் பார்த்து, அது இரண்டாகத் தெரிகிறதா என்றும் கவனியுங்கள். இரண்டாகத் தெரிந்தால், உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டியான பிரிஸம் அசைந்திருக்கலாம், விழுத்திய பொருளாக இருக்கக்கூடும்.

சீரியல் இலக்கம் சுரண்டப்பட்டிருந்தால் வாங்கவே வேண்டாம், அது களவுப் பொருளாகவும் இருக்கலாம். இலக்கம் சரியாக இருந்தால் அதைப் படமெடுத்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பொருள் அசலா, இரண்டாவது உரிமையாளருக்கு வாரன்டி உண்டா, இலங்கையிலிருந்து அனுப்பினால் ஏற்பார்களா என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் வரும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம். விற்பவர் அவசரப்படுத்தினால் வாரன்டி இல்லையென்றே கணக்கு வைத்து விலையைப் பேசுங்கள்.